குடிலைப் பிரிக்கும் வாரம்

டிசம்பர் 26 காலையிலேயே, கத்தோலிக்கக் கோயிலில் இயேசு பிறப்பைக் காட்ட வைத்த கிறிஸ்துமஸ் குடிலைப் பார்த்து "குடிலை எடுத்துரலாமா?" என்று கேட்க ஆள் வந்துவிடும். கடைத்தெருவில் கிறிஸ்துமஸ் முடிந்திருக்கலாம், கோயிலில் முடியவில்லை. இயேசு ஞானஸ்நானம் பெற்றதை நினைவுகூரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை கிறிஸ்து பிறப்புக் காலம்தான். நம் நாட்டில் மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 2 முதல் 8-க்குள் வரும் ஞாயிறு. அது 7-லோ 8-லோ விழுந்தால் திருமுழுக்கு விழா மறுநாள் திங்களே வந்துவிடும். 2024-இல் அப்படித்தான் வந்தது. மற்ற ஆண்டுகளில் அடுத்த ஞாயிறு. காலண்டரைப் பார்த்துவிட்டு ஆளுக்குச் சொல்லுங்கள்.

இடைப்பட்ட நாட்களில் பூசையில் குரு அணியும் திருவுடைகளின் அலமாரிதான் நல்ல பிரசங்கம். 25-ஆம் தேதி வெள்ளை. மறுநாள், ஞாயிறாக இல்லாவிட்டால், கல்லெறிபட்டு இறந்த புனித ஸ்தேவானுக்குச் சிவப்பு, அது மறைசாட்சிகளின் நிறம். 28, ஏரோது மன்னன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளுக்கு, அதுவும் ஞாயிறாக இல்லாவிட்டால், மறுபடி சிவப்பு. கடவுள் கைவிடமாட்டார் என்று சீரியல் பல்பு வெளிச்சத்தில் யாரும் சொல்லிவிடலாம். கல்லெறிபட்டவரையும் ஏரோதின் வாளையும் குடிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டல்லவா திருச்சபை அதைச் சொல்கிறது!

குடிலைப் பிரிக்கும்போது முதலில் பாலன் இயேசுவின் சுரூபத்தை, அதாவது சிலையை, எடுத்துத் தனியே வையுங்கள். மாவுச் சுரூபங்களில் ஒடிவது விரலும் ஆட்டின் காதும்தான். கையைப் பிடித்துத் தூக்கினால் போச்சு. ஒரு கை அடியில், ஒரு கை முதுகில். பச்சைக்காக விதைத்த கேழ்வரகு அதற்குள் மஞ்சளடித்துச் சாய்ந்திருக்கும். அந்தத் தட்டில் தினமும் ஊற்றிய தண்ணீர் பக்கத்துச் சுரூபங்களின் அடிப்பாகத்தில் ஏறியிருக்கும். ஈரத்தோடு கட்டினால் பெயின்ட் பொரிந்து உதிரும். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை வெள்ளைப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். குடில் வைக்கோலையே பெட்டிக்குள் திணிப்பது பல கோயில்களில் வழக்கம். எலியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். விளக்குச் சரத்தை ஒருமுறை எரியவிட்டுப் பார்த்து, அட்டையில் சுற்றி வையுங்கள். பந்தாகச் சுருட்டினால் அடுத்த டிசம்பரில் சிக்கெடுப்பதற்குள் கம்பி அறுந்துவிடும்.

பிறகு சாதாரண நாட்களின் பச்சைத் திருவுடை, பாதி காலியான பெஞ்சுகள். இந்த வெறிச்சோடிய ஜனவரியில்தான் பிப்ரவரி 2-க்கு, அதாவது கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாம் நாளில் குழந்தை இயேசுவைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்ததை நினைவுகூரும் விழாவுக்கு, மந்திரித்துக் கொடுக்க மெழுகுவர்த்தி வாங்கி வைக்க வேண்டும். நட்டமாக நிறுத்தினால் வெயிலுக்கு வளைந்துவிடும், படுக்கவைத்து அடுக்குங்கள். அன்றைய வாசகத்தில் மரியாவும் யோசேப்பும் கொண்டுவருவது இரண்டு பறவைகள், ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களின் காணிக்கை. அவர்கள் கொண்டுவந்த குழந்தையைத்தான், மீட்பருக்காகக் காத்திருந்த சிமியோன் கையில் வாங்கி, காத்திருந்தது வீண்போகவில்லை என்கிறார். கூட்டமில்லை, நட்சத்திரமுமில்லை.

பெட்டியை மூடுமுன் மூடியின் உள்பக்கம் தடித்த பேனாவால் எழுதிவிடுங்கள்: சுரூபங்கள் எத்தனை, எது ஒடிந்திருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான அடுத்த திருவருகைக் காலத்துக்குள் என்ன வாங்க வேண்டும். "இடையர் கோல் 1. ஆட்டுக் காது ஒட்ட வேண்டும். பாலன் மேல் தட்டில்."