‘ஏலே’க்களை எண்ணிய ஆறு வருடம்

டி.சி. மீட்டிங்கில், அதாவது பி.எச்டி. ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியில், என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஹைபாதிசிஸ் எங்கம்மா?”

2016 டிசம்பர். பகுதி நேர பி.எச்டி.க்குப் பதிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பி.எட். மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்குப் பள்ளிக்கூடம் போகும்போது எந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார்கள், சாதி அதில் எந்த வழியாக நுழைகிறது என்று பார்க்கப்போவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். கமிட்டியில் ஒருவருக்கு ஹைபாதிசிஸ், அதாவது சோதித்துப் பார்க்க ஒரு கருதுகோள், வேண்டும். இன்னொருவருக்கு சாம்பிள் 300 பேராவது வேண்டும். மூன்றாமவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “தலைப்புல ‘சாதி’ வேண்டாமே. ‘சமூகப் பொருளாதாரப் பின்னணி’ன்னு போட்டுக்குங்க. நாளைக்கு உங்களுக்குத்தான் சிரமம்” என்றார். நல்ல மனுஷர், அக்கறையில்தான் சொன்னார். “சரிங்க சார்” என்று எழுதிக்கொண்டேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். அம்மா பீடி சுற்றிய காசில் ஆசிரியர் பயிற்சி முடித்து, அப்புறம் தபால் வழியில் பி.ஏ., ஒரு வருட பி.எட்., எம்.ஏ. வரலாறு, எம்.எட். என்று ஏறி வந்தவள். பி.எட். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமென்றால் பாடத்தில் ஒரு முதுகலை, எம்.எட்., அதன்மேல் நெட், செட் என்ற தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் ஒன்று அல்லது பி.எச்டி. வேண்டும். நெட் மூன்றாவது தடவையில் கிடைத்தது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தமிழ் வழியில் கல்வி உளவியல் படித்தவளுக்கு முதல் தடவை பாதி நேரம் சொற்களைப் பெயர்த்துப் பார்ப்பதிலேயே போய்விட்டது.

ஆய்வுக்கான விதை 2016-17இல் விழுந்தது. நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை கொடுத்து, ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமமான என்.சி.டி.இ. 2014இல் விதிகளை மாற்றி, 2015 முதல் பி.எட். இரண்டு வருடப் படிப்பானது. இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியிலேயே இருக்க வேண்டும். நாங்களும் மேற்பார்வைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். முதல் நாள் பயிற்சி மாணவர்கள் பிள்ளைகளிடம் பேர் கேட்டார்கள். அடுத்த கேள்வி, “எந்தத் தெருல நீ?” நம்ம ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேட்டவருக்கும் தெரியும், பதில் சொன்ன பிள்ளைக்கும் தெரியும். முதல் வருடத்தில் ‘சமூகமும் கல்வியும்’ தேர்வில் நல்ல மார்க் எடுத்தவர்கள்தான் இப்படிக் கேட்டார்கள்.

டூல், அதாவது தகவல் திரட்டும் கருவி, தயாரிப்பதுதான் முதல் மலை. கல்வியியலில் ஆய்வு என்றால் ஐந்து கட்டம் போட்ட அளவுகோல், இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட், முடிவில் “பால் அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை” என்று ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ‘எல்லாக் குழந்தைகளும் சமம் என்று நம்புகிறேன்’ என்ற வாக்கியத்தின் முன்னால் உட்காரவைத்தால் எவர்தான் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ கட்டத்தில் டிக் போடுவார்? இதை என் ஆய்வு நெறியாளரான கைடிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, “எண்ணிக்கை இல்லாம கமிட்டியில தாண்ட முடியாதும்மா, எதையாவது எண்ணுங்க” என்றார்.

எதை எண்ணுவது? எம்.எட். படித்த எல்லோருக்கும் வகுப்பறைப் பேச்சை அளக்கும் பிளாண்டர்ஸ் முறை தெரியும். மூன்று விநாடிக்கு ஒருமுறை வகுப்பில் நடப்பதை ஓர் எண்ணாகக் குறிக்க வேண்டும். மொத்தம் பத்து வகை. ஏழு ஆசிரியர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, ஒன்று அமைதி. அந்தப் பட்டியலை ராத்திரி வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் உறைத்தது: ஆசிரியர் என்ன பேசினார் என்று ஏழு வகை இருக்கிறது, யாரிடம் பேசினார் என்று பத்தில் ஒன்றிலும் இல்லை. நான் அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். கூடவே இன்னொன்று, எப்படி விளித்தார்? ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. நமக்கு அப்படியா? ஐயா, தம்பி, பாப்பா, பேர் சொல்லி, ஏலே, ஏட்டி, ஒன்றுமே இல்லாமல் வெறும் விரல் நீட்டல். இவற்றுக்கு ஒவ்வொரு குறியீடு போட்டேன். கைடுக்கு எண் கிடைத்தது, எனக்கு விஷயம் கிடைத்தது.

பிள்ளைகளின் சாதியை நானே கேட்டால் நானும் தெருவை விசாரிக்கிறவள் ஆகிவிடுவேன். ஆகவே தலைமையாசிரியர்கள் உதவித்தொகைப் பட்டியலைப் பார்த்து வரிசை எண்ணுக்கு எதிரே சாதிப் பிரிவைக் குறிக்கும் ஓர் எழுத்து மட்டும் போட்டுத் தந்தார்கள். பெயர் என் கைக்கு வரவில்லை. இதற்கு முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதிக் கடிதம் வாங்க அலைந்த கதையைச் சொன்னால் இடம் போதாது. ஒன்று மட்டும்: எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கடிதத்தின் இரண்டாவது பிரதியில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். முதல் பிரதி காணாமல் போகும்.

2018, 2019 இரண்டு பேட்சிலும் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து குறித்தேன். அந்த 2019இல்தான் மாணவர்கள் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை விட்டு, கொஞ்ச நாளிலேயே அது அடங்கிப்போனது. பிள்ளைகளின் மணிக்கட்டைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது, அவ்வளவுதான்.

தாளையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது தலை சுற்றியது. காலனிப் பிள்ளைகளை அதிகமாக ‘ஏலே’ போட்டவர் யாரென்றால், அதே மாதிரி ஒரு காலனியிலிருந்து வந்த கணக்குப் பாட மாணவர். என் கணக்குப்படி மரியாதைக் குறைவில் அவருக்குத்தான் முதலிடம்! கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். “மேடம், எங்க தெருப் பயலுவள நான் வேற எப்படிக் கூப்புடுவேன்? தம்பின்னு சொன்னா அவனே ஒரு மாதிரி பாப்பான்” என்றார். இதற்கு நேர்மாறாக இன்னொரு பயிற்சி மாணவர். யாரையும் ‘ஏலே’ போடாதவர், தாள் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். ஆனால் ஓரத்தில் நான் கிறுக்கி வைத்திருந்த குறிப்பில் இப்படி இருந்தது: முன்பெஞ்சிடம், “தம்பி, போர்டுல வந்து எழுது.” பின்பெஞ்சிடம், “தம்பி, அந்தக் குப்பைய அள்ளிப் போட்டுட்டு வா.”

ஒன்றரை வருட உழைப்பு ஒரே மத்தியானத்தில் ஆட்டம் கண்டது. அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. கைடு ஒன்றும் சொல்லாமல் காபி வாங்கிக் கொடுத்தார். பிறகு, “விளிக்கு அப்புறம் வர்ற வினைய எண்ணிப் பாருங்களேன்” என்றார். ஆறு வருடத்தில் அவர் சொன்னவற்றில் மிகச் சிறந்த வாக்கியம் அதுதான். எல்லாத் தாளையும் மறுபடி எடுத்து, கூப்பிட்டபின் பிள்ளையின் கையில் என்ன கொடுத்தார்கள் என்று பிரித்தேன். சாக்பீஸா, துடைப்பமா, டீ வாங்கக் காசா, தண்ணீர்க் குடமா?

அதிலும் ஒரு தப்புச் செய்தேன். குடத்தையும் துடைப்பத்தையும் ‘வேலை வாங்குதல்’ என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டேன். சாருக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவது வேலையே இல்லை, அது ஒரு பதவி. எந்தப் பிள்ளைக்கு அது கிடைக்கவே கிடைக்காது என்று பார்த்தால்தான் புரியும். ராஜஸ்தானில் தலித் குழந்தைகளின் பள்ளி அனுபவங்களைப் பற்றிக் கீதா நம்பீசன் செய்த 2009 ஆய்வில், யாருக்கு எந்த வேலை கொடுக்கப்படுகிறது என்பது விரிவாக வருகிறது. அதை நான் எம்.எட்.டிலேயே படித்திருந்தேன். படித்தும் கட்டத்தைத் தப்பாகப் போட்டேன். நான் காலனியில் அல்ல, ஊர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் பள்ளியில் குடம் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. வேறு காரணம் தேடவில்லை, ஆய்வேட்டிலும் அப்படியே எழுதினேன்.

எண் மட்டும் போதாது, பேட்டியும் வேண்டும் என்று கமிட்டி ஒத்துக்கொண்டதே இந்தக் குளறுபடியால்தான். அதற்குள் 2020 மார்ச், பள்ளிகள் மூடின. மூன்றாவது பேட்ச் கைவிட்டுப் போயிற்று. பழைய மாணவர்களைப் போனில் பிடித்தேன். தனியார் பள்ளிகளில் சேர்ந்திருந்தவர்களுக்குச் சம்பளம் நின்றிருந்தது. ஒருவர் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடைவேளையில் பேசினார். அவரிடம் போய் வகுப்பறைச் சமத்துவம் பற்றிக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. 2021 நவம்பர் 1ஆம் தேதி தொடக்க, நடுநிலை வகுப்புகள் திறந்தபோது விட்டுப்போன சில பள்ளிகளுக்கு மறுபடி போய் வந்தேன். ஆறு வருடக் கெடு முடிந்தாலும் கொரோனாவுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கொடுத்த ஆறு மாத நீட்டிப்பு கைகொடுத்தது. பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதலாக உண்டு. அதைத் தொடாமல் 2022 நவம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன்.

ஆய்வேடு ஆங்கிலத்தில். ‘ஏலே’யை எப்படிப் பெயர்ப்பது? பெயர்க்கவில்லை, ஒலியை அப்படியே எழுதி மூன்று பக்க விளக்கம் சேர்த்தேன். பத்து சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருக்கக் கூடாது என்று ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில், பிளாண்டர்ஸ் பற்றி எழுதிய பத்திகள் சிவப்பாகச் சிவந்தன. பிள்ளைகளும் பயிற்சி மாணவர்களும் பேசியது மட்டும் உலகத்தில் யாருடையதையும் ஒத்திருக்கவில்லை.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு 2023இல். வெளித்தேர்வாளர் வெளி மாநிலத்துக்காரர். குடமும் துடைப்பமும் வரும் அத்தியாயத்தைப் பாராட்டினார். பிறகு அட்டையைப் புரட்டிப் பார்த்து, “உள்ளே பக்கத்துக்குப் பக்கம் இருக்கிற சொல் தலைப்பில் ஏன் இல்லை?” என்று கேட்டார். கைடு மின்விசிறியைப் பார்த்தார். நான், “கமிட்டியின் ஆலோசனையை ஏற்றுக்கொண்டேன்” என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் நான் குரல் தாழ்த்திச் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

அந்த ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பி.எட். பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. திடீரென்று என்னைப் பேசக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிளெக்ஸில் எப்போதும் ‘இணக்கமான வகுப்பறை’ என்றுதான் அச்சடிக்கிறார்கள்.

இப்போது நானும் கைடு. உதவிப் பேராசிரியர் நாலு பேர் வரை எடுக்கலாம், எனக்கு ஒருத்தி வந்திருக்கிறாள். ஆசிரியர் அறைகளில் யார் யாருடன் சாப்பிடுகிறார்கள் என்பது அவள் ஆய்வு. தலைப்பின் மூன்றாவது சொல்லே ‘சாதி’. டி.சி. அடுத்த மாதம். போன வாரம் வந்து, “மேடம், தலைப்ப மாத்தச் சொன்னா என்ன செய்ய?” என்றாள். இரண்டு தலைப்பு எழுதி வை என்று சொல்லி அனுப்பினேன். நேற்று வந்தாள். ஒன்றுதான் எழுதியிருந்தாள்.