பெற்ற மனமும் கோரக் குழந்தையும்

லாரி கோஹன் குறைந்த செலவில் எடுத்து 1974இல் வெளியான ‘இட்ஸ் அலைவ்’ என்ற அமெரிக்கத் திகில் படத்தில், பிறந்த கையோடு பிரசவம் பார்த்தவர்களைக் கொன்றுவிட்டுத் தப்பும் கோரச் சிசுவை நாம் முழுதாகப் பார்ப்பதே அரிது. ரிக் பேக்கர் செய்த அந்த உருவத்தை நெடுநேரம் காட்டாமல், நிழலையும் பெர்னார்ட் ஹெர்மனின் இசையையும் கொண்டே கோஹன் அச்சத்தை வளர்க்கிறார். ஆனால் என்னை உலுக்குவது தகப்பன்தான். அது தன் பிள்ளையே அல்ல என்று ஊரறியக் கைகழுவிவிட்டுத் துப்பாக்கியோடு வேட்டைக்குக் கிளம்பியவன், லாஸ் ஏஞ்சலிஸின் மழைநீர்ச் சுரங்கத்தில் அது அஞ்சி அழுவதைக் கண்டதும், தன் மேலங்கியில் பொதிந்து எடுத்துக்கொண்டு, சூழ்ந்து நிற்கும் காவலர்களிடம் அதன் உயிருக்காக மன்றாடுகிறான். பெற்ற மனம் பித்து என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன திகில் படம் அரிது. வார்னர் நிறுவனம் 1977இல் மறுவெளியீடு செய்த பிறகே கூட்டம் திரண்டது. முதல் வெளியீட்டிலேயே அந்த வரவேற்பு அதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.