வகுப்புக் கட்டணம் இல்லாமல் எல்.ஆர்.பி.எஸ். தேறிய அனுபவம்

பிரிட்டனின் புகைப்படச் சங்கமான ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி நடத்தும் எல்.ஆர்.பி.எஸ். என்ற முதல்நிலைத் தகுதித் தேர்வில் என் படத்தொகுப்பு தேறிவிட்டதாகச் சென்ற வாரம் மின்னஞ்சல் வந்தது. அன்று முதல் மலேசியாவில் பினாங்கிலும் கெடாவிலும் உள்ள நண்பர்கள் எந்த வகுப்பில் சேர்ந்து படித்தேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் எந்த வகுப்பிலும் சேரவில்லை. இங்குள்ள ஒரு பயிற்சி நிலையம் வார இறுதி வகுப்புகளுக்குக் கேட்ட தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அந்தப் பணத்தைக் கட்டினால்தான் படம் எடுக்க வரும் என்று அங்கிருந்தவர் சொன்னது இன்னும் மனத்தில் உறுத்துகிறது. தேர்வுக் கட்டணத்தைத் தவிர எனக்கு ஆன செலவு அச்சுக்கும் பேருந்துக்கும்தான். இந்தத் தேர்வுக்குப் பத்துப் படங்களையும், அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்று காட்டும் அடுக்குத் திட்டத்தையும் அனுப்ப வேண்டும். விண்ணப்பிக்கும் முறையை விட்டுவிட்டு நேராகப் பயிற்சிக்கு வருகிறேன்.

மற்ற அனைத்தையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: படங்களை 4ஆர் அளவில் (4×6 அங்குலம்) அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள். கைப்பேசித் திரையில் எல்லாப் படமும் பளிச்சென்று அழகாகத்தான் தெரியும். அதே படம் தாளில் வந்து, நாம் சாப்பிடும் மேசைக்கு எதிரே நாள்கணக்கில் தொங்கும்போது அதன் குறைகள் தாமாக வெளியே வரும். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் மோட்டார் சைக்கிள், முகத்தைவிட வெளிச்சமாக இருக்கும் மூலை, சாய்ந்த தூண் ஆகிய மூன்றையும் நான் சுவரில்தான் கண்டேன். என் அம்மாவுக்குப் புகைப்படக்கலை தெரியாது. ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டு போகிற போக்கில், “இந்த மூலையில என்னடா வெள்ளையா இருக்கு, அங்கயே கண்ணு போகுது” என்றார். கட்டணம் வாங்கும் எந்த ஆசிரியரும் அதைவிடத் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. பார்த்துப் பார்த்துச் சலித்த படத்தைக் கழற்றினேன். சலிக்காமல் நின்றவற்றை மட்டும் தொகுப்புக்கு வைத்துக்கொண்டேன்.

அடுக்குத் திட்டத்தையும் இந்த அச்சுகளை வைத்தே முடித்தேன். அதைப் பதினோராவது படம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையில் தரையில் பரப்பி, இடது ஓரத்தில் இருப்பவர் வலப்பக்கமும் வலது ஓரத்தில் இருப்பவர் இடப்பக்கமும் பார்க்கும்படி இடம் மாற்றிக்கொண்டே வந்தால், எந்தப் படம் கூட்டத்தோடு சேராமல் துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு படகுத்துறைப் படத்தை அதற்காகவே விட வேண்டியிருந்தது.

அடுத்தது ஒளி. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஐந்தரை பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், காலையில் சூரியன் செங்குத்தாக ஏறிவிடும். வெளிநாட்டுப் பாடங்களில் சொல்லப்படும், சூரியன் தாழ்ந்து ஒளி மென்மையாக இருக்கும் நீண்ட பொன்னிற வேளை இங்கே சீக்கிரம் முடிந்துவிடும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்பதால், கண்குழிகள் இருண்டு, நம் நிறத்து முகங்கள் கடுமையாகத் தெரியும். இதற்கு மருந்து பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனிலேயே இருக்கிறது: பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை. மேல்மாடி கூரையாகி உச்சி வெயிலைத் தடுத்துவிட, தெருப்பக்கத்திலிருந்து மட்டும் ஒளி மென்மையாக உள்ளே வரும். எதிர்ப்புறச் சுவரில் வெயில் விழும் நேரத்தில் அந்தச் சுவரே பெரிய ஒளித்தட்டாகிவிடும். ஆனால் எதிரே மஞ்சள் சுவரோ நீலத் தார்ப்பாயோ இருந்தால் முகத்திலும் அந்த நிறம் படியும் என்பதால், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்து, பிறகு வெண்சமநிலையை, அதாவது படத்தின் நிறச் சாயலை, சரிசெய்வது நல்லது.

லிட்டில் இந்தியாவில் அப்படிப்பட்ட ஒரு நடைபாதையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். “எடுத்துக்கோ தம்பி, மூஞ்சி மட்டும் வேணாம்” என்றார். ஆகவே கைகளை மட்டும் எடுத்தேன். பின்னால் கடையின் உட்புறம் இருட்டாக இருந்ததால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, பூக்களை வெறும் வெள்ளைத் திட்டாக்கியது. வெளிச்ச அளவை ஒரு படி குறைத்ததும் ஒவ்வோர் அரும்பும் தனித்தனியாகத் தெரிந்தது. கட்டைவிரலில் சுற்றிய நூல் பதித்திருந்த கோடுகூடப் படத்தில் விழுந்தது. தொகுப்பின் நடுவில் நான் வைத்தது அந்தப் படத்தைத்தான். கருப்புப் பின்னணிக்குக் குறை, வெள்ளைப் பின்னணிக்குக் கூட்டு என்ற விதியை அதற்கு முன்பே படித்திருந்தேன். கையில் படிந்தது அங்கேதான்.

இலவசமாகக் கற்க எனக்குப் பயன்பட்டவை:

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மார்க் லெவோய் 2016-இல் கூகுள் நிறுவனத்தில் நடத்திய 18 விரிவுரைகள். இணையத்தில் கிடைக்கின்றன. லென்ஸும் சென்சாரும் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு இவை போதும். கணக்கு வரும் இடங்களைத் தாண்டிப் போகலாம்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரோதியா லாங் 1936-இல் எடுத்த புலம்பெயர் தாயின் படத்தை அனைவரும் பார்த்திருப்போம். அதே இடத்தில் அவர் எடுத்த மற்ற படங்களும் அங்கே உள்ளன. கூடாரம் முழுவதும் தெரியும் படத்தையும் முகம் நிறைந்த படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு எனக்குக் கிடைத்த சிறந்த பாடம் அது.

டார்க்டேபிள், ஜிம்ப். இரண்டும் படங்களைத் திருத்த உதவும் இலவச மென்பொருள்கள். தேர்வுக்குத் தாராளமாகப் போதும்.

சொசைட்டியின் இணையத்தளத்தில் உள்ள தேறிய தொகுப்புகள். படங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் அடுக்கையே முதலில் பாருங்கள்.

கூட்டமாகப் போகும் படப்பயணங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்துப் பேர் ஒரே கோணத்தில் நின்றால் பத்துப் பேருக்கும் ஒரே படம்தான் கிடைக்கும்; பேச்சிலேயே பாதி வெளிச்சம் போய்விடும். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் கேமராக்கள் நெருக்கியடிக்கும் என்பதால், முதல் நாள் வெள்ளி இரதம் வரும் பாதையில் தனியாக நின்றேன். இரதத்தின் முன் உடைத்துச் சிதறும் தேங்காய் படத்தில் உறைந்து நிற்க வேண்டுமானால் ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடியாவது வேண்டும். அந்தக் கூட்டத்திலும் என்னைத் தொந்தரவு செய்ய ஆளில்லை.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் நூறு விழுக்காடு அளவுக்குப் பெரிதாக்கி, நான்கு ஓரங்களையும் சுற்றி வாருங்கள். தேட வேண்டிய குறைகள் இவை: வானத்தில் சென்சார் தூசிப் புள்ளி. கூர்மையை மிகைப்படுத்தியதால் கூரை விளிம்பில் வெள்ளைக் கோடு. விவரம் இழந்த வெண்பகுதி. ஒரே பாணியில் எடுத்த இரண்டு படங்கள். இந்தத் தொகுப்புக்கு ஒரே கருப்பொருள் தேவையில்லை, ஆனால் அணுகுமுறையில் பலவகை தெரிய வேண்டும் என்பதால் கடைசியாகச் சொன்னதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, சொசைட்டியின் அடுத்த நிலைத் தேர்வான ஏ.ஆர்.பி.எஸ்.; அதற்கு 15 படங்களும், அவற்றால் என்ன சொல்ல வருகிறோம் என்று விளக்கும் நோக்க உரையும் வேண்டும். ஐந்தடி நடைபாதையையே கருப்பொருளாக எடுக்கப் போகிறேன். பினாங்கில் இருப்பவர்கள் ஓய்வுநாள் காலையில் ஒருவர் இருவராக அச்சுகளோடு வந்தால், தரையில் பரப்பி எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். திரையில் காட்டும் படங்களுக்கு நான் கருத்துச் சொல்வதில்லை.