சிட்டி காருக்கு ஏ.டி.எஃப் மாற்றியது: மூன்று ஞாயிறு, ஒரு ரைல்ஸ் டியூப்

பெரியப்பா ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்த 2011 மாடல் ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். 82,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. என்ஜின் ஆயில் மாற்றிய பில்லை எல்லாம் மனுஷன் ரப்பர் பேண்ட் போட்டு டாஷ்போர்டில் வைத்திருந்தார். கியர் பாக்ஸ் ஆயில், அதாவது ஏ.டி.எஃப், மாற்றியதற்கு மட்டும் ஒரு பில்லும் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "அதுக்குத் தனியா ஆயில் கீதா?" என்றார். சரி, அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

ஏப்ரலில் குடும்பத்தோடு ஏலகிரி போனோம். பதினாலு கொண்டை ஊசி வளைவில் ஏழோ எட்டோ தாண்டியதும், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு சின்ன உதறல். பின் சீட்டில் இருந்த அம்மாவே "யாரோ பின்னாலருந்து தள்ற மாதிரி இருக்கே" என்றாள். சமதரையில் வந்தபின் காணோம். வேலூர் கிரீன் சர்க்கிளில் மாலை நேர நெரிசலில் ஊர்ந்து போகும்போது மறுபடி எட்டிப் பார்த்தது. சூட்டில்தான் வருகிறது என்று புரிந்தது.

இந்தப் பெட்டியில் ஆயிலுக்கு என்ன வேலை என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லாக்-அப் (என்ஜினையும் கியரையும் நேராகப் பூட்டும் கிளட்ச்) விழும் வரை இரண்டுக்கும் நடுவே இரும்புத் தொடர்பே கிடையாது. டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் சுழன்று அடுத்த பக்கத்து இறக்கையைத் தள்ளுகிறது, அதில்தான் வண்டி நகர்கிறது. மலை ஏறும்போதும் நெரிசலில் ஊரும்போதும் இந்தத் தள்ளலில் ஒரு பகுதி சூடாகவே போய்விடும். அடுத்தது கிளட்ச். மற்ற கம்பெனிகளின் ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் பிளானட்டரி கியர், நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் சுழல்வது. ஹோண்டாவின் இந்தப் பழைய பெட்டி மேனுவல் போலவே இணைத் தண்டுகளில் கியர் வைத்து, கிளட்சுகளால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறது. அந்தக் கிளட்சை மிதிக்கும் கால் ஆயிலின் அழுத்தம்தான். அதோடு பற்களுக்கு வழவழப்பும் அதே ஆயில், சூட்டை எடுத்துப் போவதும் அதே ஆயில். பதினாலு வருஷம் இத்தனை வேலையும் செய்த ஆயிலைத்தான் நான் "எங்கிருந்து உதறுது" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாம் ஒன்றல்ல. ஏ.எம்.டி என்றால் அது ரோபோ கை வைத்த மேனுவல் பெட்டி, அதற்கு ஊற்றுவது வேறு. 2014-ல் வந்த அடுத்த சிட்டியில் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி, அதற்குத் தனி ஆயில். இந்தக் கட்டுரையைப் பார்த்து அதில் ஏ.டி.எஃப் ஊற்றிவிடாதீர்கள். என் வண்டிக்கு டி.டபிள்யூ-1 என்ற வகை. முன்பு இசட்-1 என்று இருந்ததற்குப் பதிலாக வந்தது.

மெக்கானிக் பாயிடம் முதலில் கேட்டேன். ஆற்காடு ரோடு பக்கம் பட்டறை, கையில் தொழில் சுத்தம், எங்கள் வீட்டு வண்டியெல்லாம் அவர்தான். "வேணாம் சார். ஓடற பெட்டில கை வெச்சா அடுத்த வாரமே கியர் ஏறாது. நான் பார்த்துகினு கீறேன்" என்றார். அவர் பார்த்தது பொய்யில்லை. ஆனால் கியர் ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்த பிறகு, கடைசி முயற்சியாகத்தான் ஊரில் எல்லோரும் ஆயில் மாற்றுகிறார்கள். தேய்ந்த கிளட்ச் எந்த ஆயிலுக்கும் திரும்பாது. பழி புது ஆயில் மேல் விழுகிறது. என் வண்டி வழுக்கவில்லை, உதறத்தான் செய்தது. மிஷின் வைத்து அழுத்தி ஃபிளஷ் செய்வதில் எனக்கும் மனமில்லை. கீழே போல்ட் கழற்றி வடிகிறதை வடியவிட்டு, அந்த அளவே ஊற்றுவது என்று முடிவு செய்தேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டிக்குள் மொத்தம் ஐந்தரை லிட்டர், கொஞ்சம் முன்னே பின்னே. போல்ட் கழற்றினால் வருவது 2.4 லிட்டர் சுமார்தான். மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் மற்ற இடுக்குகளிலும் தங்கிவிடும். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். இது அப்படியே எங்கள் குறைந்துசெல் மதிப்புத் தேய்மானம்: ஒவ்வொரு தடவையும் மீதி இருப்பதில் அதே சதவீதம் கழியும். முதல் தடவைக்குப் பின் பழைய ஆயில் 56 சதவீதம், இரண்டாவதில் 32, மூன்றாவதில் 18. நாலாவதுக்கு மனசு வரலாம், பர்ஸ் வராது. மூன்று தடவை என்று வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போக வர தினம் 45 கிலோமீட்டர். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிடும்.

ஜூன் 8, ஞாயிறு. கத்திரி முடிந்தும் வேலூர் வெயிலுக்கு அது தெரிவதில்லை, அதனால் விடியற்காலை ஐந்தரைக்கே ஆரம்பம். பத்து நிமிடம் ஓட்டி வந்தேன். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும், கொதித்தால் கை போய்விடும்.

முதல் தலைவலி தரை. எங்கள் சத்துவாச்சாரி தெரு மலைப்பக்கமாக ஏறும். கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிகிறது, பந்து வைத்தால் உருண்டு ஓடுகிறது. ஆயில் மட்டம் பார்க்க வண்டி மட்டமாக நிற்க வேண்டும். வாசலில் நான் முழிப்பதைப் பார்த்து மாடியில் குடியிருக்கும் மேஸ்திரி இறங்கி வந்தார். "இன்னா சார், வண்டிக்கு ஆபரேஷனா?" விஷயத்தைச் சொன்னதும் டியூப் மட்டம் எடுத்து வந்தார். தண்ணீர் நிரப்பிய அந்தக் கண்ணாடிக் குழாயை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிடித்துப் பார்த்து, "முன்னால ரெண்டு இஞ்ச் தூக்கல்" என்று தீர்ப்புச் சொன்னார். பின் சக்கரம் இரண்டுக்கும் அடியில் பலகை போட்டு ஏற்றி மட்டம் சேர்த்தோம். வீடு கட்டும்போதுகூட இவ்வளவு மட்டம் பார்த்திருக்க மாட்டார்கள். சக்கரம் நிற்கும் நாலு இடத்திலும் பெயிண்டால் குறி போட்டார், அடுத்த முறைக்கு.

பிறகு ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கல், டிராலி ஜாக்கியில் முன்பக்கம் தூக்கி இரண்டு ஜாக் ஸ்டாண்ட். ஸ்டெப்னியைக் கழற்றி வண்டிக்கு அடியில் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். ஸ்டாண்ட் சரிந்தாலும் என் மார்புக்கு முன் டயர் வாங்கிக்கொள்ளட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

கீழே போவதற்கு முன் மேலே டிப்ஸ்டிக் வருகிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றும் வழி திறக்காமல் வடித்துவிட்டால் வண்டி வாசலிலேயே படுத்துக்கொள்ளும். கீழே போனால் இரண்டு போல்ட் இருக்கும். அறுகோணத் தலை உள்ளது என்ஜின் ஆயிலுக்கு. அதைத் தொடக்கூடாது. கியர் பெட்டியின் போல்ட்டில் தலைக்குப் பதில் சதுரக் குழி, சரியாக மூணு நூல் (3/8 இஞ்ச்). ராட்செட்டின் முனையே அதில் நேராக உட்காரும், சாக்கெட் வேண்டாம். முதலில் அசையவே இல்லை. ராட்செட் பிடியில் ஒரு பைப்பைச் செருகி இழுத்ததும் "டக்" என்று விட்டது.

கருஞ்சிவப்பு எதிர்பார்த்தேன். வந்தது கடுங்காப்பி. தீய்ந்த வாடை இல்லை, அது நிம்மதி. போல்ட்டின் நுனியில் காந்தம் இருக்கிறது. அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பசை. விரலில் தேய்த்தால் மாவாக நழுவியது. அது சாதாரணத் தேய்மானம். நெறுநெறுவென்று துண்டு துண்டாக இருந்திருந்தால் அன்றைக்கே பாயிடம் தோற்றுப்போயிருப்பேன். பனியன் வேஸ்ட்டில் துடைத்துச் சுத்தம் செய்தேன்.

வடிந்ததை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் அளந்து ஊற்றினேன்: 2.3 லிட்டர். புது அலுமினிய வாஷர் போட்டு போல்ட்டை முடுக்கினேன். வாஷர் 18 மில்லிமீட்டர், ஒரு பிளேட் பொங்கல் விலைகூட இல்லை, பழையதையே போடாதீர்கள். முடுக்க வேண்டியது 49 நியூட்டன் மீட்டர். பெட்டி அலுமினியம், பலம் காட்டினால் மரை போய்விடும், அப்புறம் அழுதாலும் வராது. இதற்காகவே ஒரு டார்க் ரென்ச் வாங்கினேன், வீட்டில் சொல்லவில்லை.

டிப்ஸ்டிக் ஓட்டையில் மெல்லிய புனல் வைத்து 2.3 லிட்டர் ஊற்றினேன். வண்டியைக் கீழே இறக்கி, ஸ்டார்ட் செய்து, பிரேக் மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்தேன். இங்கேதான் நான் கெடுத்துக்கொண்டேன்.

சித்தப்பா பையன் குடியாத்தத்தில் இருக்கிறான். அவன் வண்டி வேறு கம்பெனி. "என்ஜின் ஓடறப்பதான்டா மட்டம் பாக்கணும்" என்றான். அவன் வண்டிக்கு அது சரி. நானும் ஓடவிட்டுப் பார்த்தேன், கீழ்க் கோட்டுக்கும் கீழே காட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக 300 மில்லி கூடுதலாக ஊற்றினேன். காபி குடித்துக்கொண்டே மேனுவலைப் புரட்டினால் வேறு மாதிரி போட்டிருக்கிறது: ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடும் வரை சூடாக்கி, என்ஜினை நிறுத்தி, 60 வினாடிக்கு மேல் 90 வினாடிக்குள் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் மேலே சுற்றிக்கொண்டிருக்கும், நிறுத்தியதும் கீழே இறங்கி மட்டம் உயரும். நான் பார்த்தது பாதிக் கிணறு. என் பெண் மொபைலில் வினாடி எண்ண, சரியாக 70-ல் உருவிப் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை.

கூடினால் என்ன என்று விட முடியாது. கியர் பற்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் நிற்காது, கிளட்ச் சரியாகப் பிடிக்காது. மறுபடி ஜாக்கி போட எனக்குத் தெம்பில்லை. வேலூரில் எது கிடைக்காவிட்டாலும் மெடிக்கல் ஷாப் கிடைக்கும். சி.எம்.சி ஆஸ்பத்திரி பக்கம் போய், நோயாளிக்கு மூக்கு வழியாக உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூபும் 50 மில்லி சிரிஞ்சும் கேட்டேன்.

"பேஷன்ட்டுக்கு என்ன வயசு சார்?"

"பதினாலு."

"பையனா? அப்போ 12 சைஸ் போதும்" என்று பரிவோடு எடுத்துக் கொடுத்தார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "சீக்கிரம் நல்லாயிடும் சார்" என்று வேறு சொன்னார்.

அந்த மெல்லிய குழாயில் சூடான ஆயிலை இழுக்க ஒவ்வொரு சிரிஞ்சுக்கும் இரண்டு நிமிடம் பிடித்தது. ஆறு சிரிஞ்ச். மறுபடி சூடாக்கி, மறுபடி எண்ணி, மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவே வந்து நின்றபோது மணி பத்தரை. வெயிலில் பானெட்டைத் தொட முடியவில்லை. ஃபேன் இரண்டு முறை ஓடக் காத்திருப்பது மட்டும் இந்த ஊரில் கஷ்டமே இல்லை.

ஜூலை 13, இரண்டாவது தடவை. சொல்ல அதிகமில்லை. மேஸ்திரி போட்ட குறியில் வண்டியை நிறுத்தினேன், வடிந்தது 2.35, ஊற்றியது 2.35. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நிறம் கடுங்காப்பியிலிருந்து டீக்கு வந்திருந்தது. காந்தத்தில் பசை முதல் தடவையில் பாதிகூட இல்லை.

ஆகஸ்ட் 17, மூன்றாவது. வடிந்த ஆயிலை வெயிலில் பாட்டிலோடு தூக்கிப் பார்த்தால் ஓரத்தில் சிவப்பு தெரிகிறது.

ஏழு லிட்டர் பழைய ஆயில் சேர்ந்தது. சாக்கடையில் ஊற்றிவிடு என்று சொன்னவர்கள் உண்டு. தோல் கழிவு பாலாற்றில் கலந்ததற்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஊர் இது, அதுவும் நான் தோல் கம்பெனிச் சம்பளத்தில் சாப்பிடுகிறவன். கேனில் அடைத்துக் கொண்டுபோய், பழைய ஆயில் எடுக்கிறவரிடம் போடச் சொல்லி பாய் பட்டறையில் இருந்த பீப்பாயில் கொட்டினேன். பாய் கேனுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னும் ஓடுதா சார்?" என்றார். "அதுலதான் வந்தேன் பாய்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, பானாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

போன வாரம் மறுபடி ஏலகிரி. வேண்டுமென்றே மதிய வெயிலில், ஏ.சி போட்டு, நாலு பேர் ஏற்றிப் போனேன். மேலே போகும் வரை உதறல் இல்லை. காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்தவுடன் இரண்டு-மூன்றில் லேசாக ஒரு இழுப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. முதல் இரண்டு கிலோமீட்டரில் போய்விடுகிறது. அதற்காக நாலாவது தடவை வடிக்கப் போவதில்லை.

மூன்றாவது தடவை அடியில் படுத்திருந்தபோது இடது பக்க ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டின் ரப்பர் உறை) வெடித்து, சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்திருப்பதைப் பார்த்தேன். அது என் கைக்கு அடங்காத வேலை. புதன்கிழமை பாயிடம் விடுகிறேன்.