மிளகாய்ப் பொடிக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர்

ஆச்சி மகனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று சொல்லித்தான் அந்த ரிமோட் ஹெலிகாப்டரை வாங்கினேன். (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி, அம்மாவை ஆத்தா, அப்பாவை அப்பச்சி என்போம்.) யாருக்காக வாங்கினேன் என்பது டப்பாவைப் பிரித்த ஐந்தாவது நிமிடம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவனுக்கு வயது 11, எனக்கு 43. ரிமோட் என் கையில் இருந்தது.

இடம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் பழைய வீடு. இதைவிட நல்ல விமான நிலையம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். பங்காளிகள் எல்லோரும் கல்யாணத்துக்கு வந்திருந்ததால் பார்வையாளர்களுக்கும் பஞ்சமில்லை.

முதல் ஹெலிகாப்டர் சாது. ஒரே தண்டில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள், எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்று உடம்பை ஒரு பக்கம் திருப்பப் பார்த்தால் மற்றது மறுபக்கம் இழுத்துச் சரிக்கட்டிவிடும். மாமியார், மருமகள் இருவரும் சம பலத்தில் இருக்கிற வீடு மாதிரி, தானாகவே நிலையாக நிற்கும். மருமகன் பத்து நிமிடத்தில் அதைப் பட்டாலைக் கூடத்தில் இறக்கி, ஏற்றி, வட்டமடிக்க விட்டான். எனக்கு அரை மணி நேரம் ஆனது, அவ்வளவுதான்.

அன்று மதியம் வளவில், அதாவது முற்றம் வைத்த முதல் கட்டில், தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு ஓட்டினேன். வெயில் பட்ட மாத்திரத்தில் செத்த காக்காய் மாதிரி பொத்தென்று வற்றல் துணியில் விழுந்தது. எடுத்து நிழலில் வைத்தால் நன்றாகப் பறக்கிறது. வெயிலுக்குப் போனால் மறுபடி பொத். அந்த மலிவு வகைக்கு உத்தரவு போவது டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரில். சூரியனிடம் அதே கதிர் மூட்டை மூட்டையாக இருக்கிறது. சந்தைக் கூச்சலில் காதில் குசுகுசுத்தால் யாருக்குக் கேட்கும்?

இதைக் காரணம் காட்டித்தான் இரண்டாவதை வாங்கினேன். ரேடியோவில் இயங்குவது, ஒற்றை விசிறி, வாலில் ஒரு குட்டி விசிறி. "பழகுகிறவர்களுக்கு இது வேண்டாமே" என்று கடைக்காரர் சொன்னார். நானா பழகுகிறவன்?

வால் விசிறி சும்மா அழகுக்கு இல்லை. அது இல்லாவிட்டால் மேல் விசிறி ஒரு பக்கம் சுற்ற, உடம்பு மறுபக்கம் பம்பரமாகச் சுற்றும். அதைத் தடுக்க வால் விசிறி பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளுகிற தள்ளலில் வண்டி மொத்தமும் பக்கவாட்டில் நகரவும் பார்க்கிறது. எங்கள் வீட்டுத் தரையோ ஆத்தங்குடிக் கல். கண்ணாடியின் மேல் வார்த்து எடுக்கிற கல், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே இருக்கும். ஹெலிகாப்டர் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே நண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போய்த் தேக்குத் தூணில் முட்டியது. தூண் பர்மாவிலிருந்து வந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என் விசிறி இரண்டு துண்டு.

பயந்தால் என் இடது பெருவிரல் மேலேதான் போகிறது என்பதையும் அன்றுதான் கண்டுபிடித்தேன். விழப்போகிறது என்று தெரிந்தால் உடனே விசையைக் குறைக்க வேண்டும். சுற்றுகிற விசிறி எதிலாவது மாட்டிக்கொண்டு நிற்க, மோட்டார் மட்டும் சுற்ற முயன்றால் பல்சக்கரத்தின் பல் போய்விடும். நான் கடவுளே என்று முழு விசையும் கொடுத்துவிடுவேன். மூன்று நாளில் இரண்டு பல்சக்கரம்.

முகப்பில் ஐயா காலத்துப் பெல்ஜியம் கண்ணாடி ஒன்று ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறது. நான் ரிமோட்டை எடுக்கும்போதெல்லாம் அப்பச்சி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றுகொள்வார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கவிழாமல் இருக்க ஒரு உபாயம் உண்டு. இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறி மாதிரிக் கட்டி, நுனிகளில் பிங்பாங் பந்து செருகி, ஹெலிகாப்டரின் காலுக்கடியில் மாட்டிவிடுவது. பந்து காரைக்குடியில் கிடைத்தது. குச்சிக்கு விளக்குமாற்றில் கை வைத்தேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெளக்குமாத்தப் பிச்சு வெளாடுறான் பாரு" என்று அப்பத்தா இரண்டாங்கட்டிலிருந்து கொடுத்த குரல், பின்வாசல் தெரு வரை போயிருக்கும்.

அடுத்த நாள்தான் அந்தச் சம்பவம். கல்யாணச் சமையலுக்கு மிளகாயும் மல்லியும் மில்லில் கொடுத்து அரைத்து வந்திருந்தார்கள். மில்லிலிருந்து வந்த பொடி கொதிக்கும். ஆறுவதற்காக இரண்டாங்கட்டில் செய்தித்தாள் விரித்துப் பரப்பிவைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது. நான் வளவில் இருந்தேன்.

கிளம்பியது. வழக்கம்போல இடது பக்கம் நகர்ந்தது. திருத்தினேன், அதிகமாகத் திருத்திவிட்டேன். நிலைப்படியைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குள் போனது. பின்னாலேயே ஓடினேன். போய்ப் பார்த்தால், மிளகாய்ப் பொடிக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், அசையாமல் நிற்கிறது!

ஹோவர் என்பார்கள், அந்தரத்தில் அசையாமல் நிற்பது. நான்கு நாளாக நான் தவம் கிடந்தது இதற்குத்தான். தரைக்குப் பக்கத்தில் விசிறிக் காற்றுக்குக் கீழே இறங்கிப் போக வழியில்லாமல், மெத்தை மாதிரித் தாங்கிக்கொள்ளும். குறைந்த விசையிலேயே நிற்கும். அந்த மெத்தையில் என் ஹெலிகாப்டர் சொகுசாகச் சாய்ந்திருந்தது. ஆனால் மெத்தைக் காற்று எங்காவது போக வேண்டுமே. நான்கு பக்கமும் போனது, பொடியோடு.

விசையைக் குறைத்தால் பொடியில் விழும். கூட்டினால் இன்னும் பறக்கும். முடிவெடுக்காமல் நின்றேன். அதற்குள் ஆத்தா ஒரு தும்மல், ஆச்சி ஒரு தும்மல், சமையல்காரர் மூன்று. முற்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த பங்காளிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திண்ணைக்கு ஓடினார்கள். கண்ணைக் கசக்கியது இன்னொரு தப்பு. மருமகன் மட்டும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மான், ஹோவர்! ஹோவர் வந்துருச்சு!" என்று குதித்தான். நானும் தும்மினேன். பெருவிரல் மேலே போனது. மீதிப் பொடியும் கிளம்பியது.

சாயங்காலம் யாரும் என்னோடு பேசவில்லை. அப்பத்தாதான், கண் இன்னும் சிவப்பாக, கூப்பிட்டுச் சொன்னது: "ஏண்டா அப்பு, கன்னுக்குட்டிய எவனாச்சும் மொத நாளே அவுத்து விடுவானா? தும்புல கட்டிப் பழக்கு."

சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், இகோர் சிக்கோர்ஸ்கி 1939 செப்டம்பரில் தன் வி.எஸ்-300 ஹெலிகாப்டரை முதன்முதலில் தரையிலிருந்து கிளப்பியபோது அதையும் கட்டித்தான் வைத்திருந்தார். ஓட்டியதும் அவரேதான். அவரிடம் அப்பத்தா இல்லாத குறை, அவராகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கிறது.

பூக்கட்டுகிற நாரில் இரண்டு சாண் எடுத்து அம்மிக்குழவியில் கட்டினோம். முதலில் ஒரு கால் ஓரத்தில் கட்டியதால், நார் விறைத்ததும் அந்தப் பக்கம் இழுத்துக் குப்புறக் கவிழ்ந்தது. வயிற்றுக்கு நேர் கீழே கட்டியதும் சரியாகிவிட்டது. வால் என் பக்கம், மூக்கு அந்தப் பக்கம் என்று வைத்து இரண்டு நாள். ஏழு நிமிடம் பறக்க முக்கால் மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டும் என்பதால், இடையில் கல்யாண வேலையும் கொஞ்சம் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூக்கு நம் பக்கம் திரும்பினால் கதை வேறு. இடது வலதாகும், வலது இடதாகும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட் குச்சியைத் தள்ளு, சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள் என்பார்கள். வாயால் சொல்ல வருகிறது. விரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில், ஊரணிக்குப் பக்கத்துப் பொட்டலில் நாரை அவிழ்த்துவிட்டு முப்பது விநாடி அந்தரத்தில் நிறுத்தினேன். பார்த்தது மருமகனும் இரண்டு ஆடுகளும்.

போன வாரம் ஆத்தா போனில் பேசினாக. பொங்கலுக்கு வருவீர்களா என்று கேட்டாக. வருகிறோம் என்றேன். பின்னால் அப்பத்தா குரல் கேட்டது.

"அது வருதான்னு கேளு. வந்தா, பொடிய இந்த வாரமே அரைச்சு டப்பாவுல போட்டு மூடிருவோம்."