வன்கொடுமைப் புகார் கொடுக்கப் போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள்

அம்மாவின் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. அதுவும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளோடு. நிம்மதி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு தாளுக்காக எங்களை அலைக்கழித்த விதம் இன்னும் ஆறவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு அதே ஊர்க்காரர் மேல் புகார் கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். மனு எழுதுவது, ஜெராக்ஸ் எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கெங்கே காலை வாருவார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அம்மா பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைக்கிறார். கிலோ கணக்கில் கூலி. பாக்கிக் கூலியைக் கேட்டதற்கு, கொட்டகைக்காரரின் மைத்துனர் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கை எட்டி உதைத்தார். கொட்டகைக்கு வெளியே, மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் தெருவில் போனவர்களும் பார்க்க நடந்தது. அம்மா கொட்டிய சோற்றை விட்டுவிட்டுத் தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தே வீடு வந்திருக்கிறார். நான் புதுச்சேரியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அன்று இரவு தங்கை போன் செய்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். அம்மா சொல்லியிருக்கவே மாட்டார்.

காவல் நிலையத்தில் ரைட்டர் அம்மாவைப் பேசச் சொல்லித் தானே எழுதினார். முடித்ததும் பேனாவை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். வாசித்துக் காட்டுங்கள் என்றேன். முகம் மாறியது. தாளை வாங்கிப் பார்த்தால், “அசிங்கமான வார்த்தைகளால் திட்டி மிரட்டினார்” என்று ஒரே வரி. அம்மா திக்கித் திக்கிச் சொன்னதில் பாதிக்கு மேல் அதில் இல்லை. சாதிப் பெயர் இல்லை. உதைத்த தூக்கு இல்லை. பார்த்தவர்கள் பெயர் இல்லை. கூலிப் பாக்கியும் இல்லை.

எல்லாவற்றையும்விட இது முக்கியம் என்பதால் விரித்துச் சொல்கிறேன். அந்த ஒரு வரியை வைத்து வழக்குப் போட்டால், ஆபாசமாகத் திட்டியது, மிரட்டியது என்று பொதுவான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296, 351 பிரிவுகளோடு முடிந்துவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் வர வேண்டும் என்றால், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமானப்படுத்தியதும், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதும், அது பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்ததும் புகாரிலேயே இருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தால் இந்தப் பிரிவுகள் நிற்காது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. ஆகவே கொட்டகைக்கு உள்ளேயா வெளியேயா என்பதுகூட வழக்கின் உயிர். விட்டுப்போனதைப் பிறகு சேர்த்தால், யோசித்து ஒட்டவைத்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

திருத்தி எழுத முடியாது என்றார்கள். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், விசாரித்த பிறகுதான் எஃப்.ஐ.ஆர். என்றார்கள். கையெழுத்துப் போடாமல், நாங்கள் கொண்டுபோயிருந்த மனுவை மட்டும் கொடுத்து, மனு ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ரசீதும் கேட்ட பிறகே கிடைத்தது. கேட்காமல் தர மாட்டார்கள். அது இல்லாமல் வெளியே வந்தால் நீங்கள் உள்ளே போனதற்கே சாட்சி கிடையாது.

விசாரித்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர். என்பது இந்தச் சட்டத்தில் செல்லாது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு பூர்வாங்க விசாரணையைக் கொண்டுவந்தது. நாடெங்கும் போராட்டம் வெடித்தது, உயிர்கள் போயின. அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எஃப்.ஐ.ஆர். போடப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று எழுதிவைத்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. காவல் நிலையச் சுவரில் இதை யாரும் ஒட்டிவைக்கவில்லை.

அன்று மாலையே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூலியை வாங்கித் தருகிறோம், பெண்பிள்ளைகள் இருக்கிற வீடு, கோர்ட்டு கேஸ் வேண்டாம் என்றார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் காவல் நிலையத்திலிருந்து போன்: அம்மாவை உடனே அழைத்து வாருங்கள், எதிர்த்தரப்பும் வந்திருக்கிறது, பேசி முடித்துக்கொள்ளலாம். சாட்சி சொல்ல வேண்டிய பெண்ணை அவர் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும், நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 179ஆம் பிரிவு சொல்கிறது. போகாதீர்கள். நாங்கள் போகவில்லை.

அந்த இரவில்தான் புதுச்சேரித் தோழி ஒருத்தி மூலம் கடலூரில் இயங்கும் ஒரு மனித உரிமை அமைப்பின் அண்ணன் எண் கிடைத்தது. மதுரையில் மக்கள் கண்காணிப்பகம், எவிடென்ஸ் போன்ற பெரிய அமைப்புகளும், ஜெயப்பிரகாஷ் நாராயண் 1976இல் தொடங்கிய மக்கள் சிவில் உரிமைக் கழகமும், திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இருப்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு உதவிய கடலூர்க்காரர்கள் அவ்வளவு பெரியவர்கள் அல்லர். வாடகைக்கு எடுத்த ஒரு மாடி அறை, இரும்பு பீரோ, கட்டுக் கட்டாகக் கோப்புகள். அமைப்பின் பெயரைப் போட வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார்.

அவர் செய்த முதல் வேலை, அம்மாவைத் தண்ணீர் குடிக்க வைத்து முழுவதையும் சொல்லச் சொன்னது. குறுக்கே பேசவில்லை. பிறகு கோடு போட்ட தாளில் இடம், நேரம், யார் யார் நின்றார்கள், எந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். திட்டிய சொற்கள் வந்ததும் அம்மா நிறுத்திவிட்டார். மகள் எதிரில் அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அண்ணன் என்னைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். அங்கிருந்த அக்கா ஒருவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். திரும்ப உள்ளே போனபோது அந்தச் சொற்கள் மேற்கோள் குறிக்குள் அப்படியே தாளில் இருந்தன. ரைட்டர் விட்டுவிட்டது இதைத்தான். ரைட்டருக்கு ஒரு வரி போதுமாக இருந்த இடத்தில் அண்ணனுக்கு இரண்டரைப் பக்கம் வந்தது.

மறுநாள் அந்தத் தாளோடு நாங்கள் காவல் நிலையம் போனபோது, வெளியாட்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. சட்டத்தின் 15ஏ(12) பிரிவைப் பிரித்துக் காட்டினார். பாதிக்கப்பட்டவர்கள் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது அவர்களின் உரிமை என்று அதில் இருக்கிறது. யாரோ தயவில் தருகிற அனுமதி அல்ல, உரிமை. தொடர்ந்து 4ஆம் பிரிவு: வாய்மொழிப் புகாரை எழுதினால் கையெழுத்து வாங்குமுன் வாசித்துக் காட்ட வேண்டும், நகல் தர வேண்டும், செய்யாத பட்டியலினத்தவரல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. நாற்காலி வந்தது. அம்மா உட்கார்ந்தார். அதே அறையில் முதல் முறை அவர் கடைசிவரை நின்றுகொண்டே பேசினார்.

இந்த 15ஏ தானாக வந்து சட்டத்தில் உட்காரவில்லை. 1989இல் இயற்றிய சட்டத்தில் அது கிடையாது. தலித், மனித உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு வழக்காக ஆவணப்படுத்தி வற்புறுத்தியதால் 2015 திருத்தத்தில் சேர்ந்து, 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. டி.எஸ்.பி. அலுவலகத் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது அண்ணன் இன்னொன்றும் சொன்னார். 2001இல் டர்பனில் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது, சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று இந்தியத் தலித் அமைப்புகள் போய் நின்றன. சாதி வேறு, இனம் வேறு என்று இந்திய அரசு எதிர்த்தது. மறு ஆண்டே ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில், பிறப்புவழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று எழுதியது. அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அவ்வளவு தூரம் போய் நமக்காகப் பேசினார்களா?” என்றார்.

எஃப்.ஐ.ஆர். பதிவானது. கட்டணமில்லாமல் நகலும் கையில் கிடைத்தது. அதே நாளில் எதிர்த்தரப்பும் அரசு மருத்துவமனையில் போய்ப் படுத்துக்கொண்டு, அம்மா கல்லால் அடித்ததாக ஒரு புகார் கொடுத்தது. இது வழக்கம்தான், பதற வேண்டாம் என்றார்கள் அமைப்பில். அம்மா வீடு வந்து சேர்ந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு வாசலில் இருந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கொட்டகைப் பெண்களில் இரண்டு பேர் பயத்தை விட்டுச் சாட்சி சொன்னார்கள். அவர்களுக்கு அடுத்த வாரமே வேலை போய்விட்டது. அந்த இரண்டு பேருக்கும் நாங்கள் பட்ட கடன் சாதாரணமானதல்ல.

சாதிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அம்மாவிடம் இருந்தது பழைய கையெழுத்துச் சான்று, மடித்த இடத்தில் கிழிந்தது. இ-சேவையில் புதிதாக வாங்கியாக வேண்டியிருந்தது. சான்று தந்தை வழியில் வரும் என்பதால், இறந்துபோன தாத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றைத் தேடி அலைந்தோம்.

நிவாரணத் தொகை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எங்கள் வழக்குப் போன்றவற்றுக்கு ஒரு லட்சம் ரூபாய்: எஃப்.ஐ.ஆர். நிலையில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, தண்டனை கிடைத்தால் மீதி 25. முதல் உதவி ஏழு நாளுக்குள் வர வேண்டும் என்பது விதி 12(4). கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது. நகர்ந்த கோப்பு வங்கியில் வந்து நின்றது. அம்மாவின் கணக்கு முடங்கிக் கிடந்ததால் கை ரேகை வைக்கச் சொன்னார்கள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அம்மாவின் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, வழவழவென்று ஆகிவிட்டன. கருவி எந்த விரலையும் ஏற்கவில்லை. வங்கி ஊழியர் எரிச்சலோடு, கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றார். கழுவினால் போகிற கறுப்பா அது? ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவை வைத்துச் சரிசெய்துகொண்டு வந்தோம். கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் எந்த அலுவலகத்துக்கும் போகுமுன் இதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். முதல் தவணை 25,000 வந்தது. அம்மா அதில் சாட்சி சொன்ன இருவருக்கும் ஒரு மாத மளிகை வாங்கிக் கொடுத்தார்.

முன்ஜாமீன் இந்தச் சட்டத்தில் இல்லை என்பதால் கொட்டகைக்காரரின் மைத்துனர் சரணடைந்து ஜாமீன் கேட்டார். ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். எங்களுக்கு முந்தைய நாள் மாலைதான் தகவல் வந்தது. கண்ணகி-முருகேசன் வழக்கில் 2021 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்ன அதே கடலூர் சிறப்பு நீதிமன்றம். 2003இல் விருத்தாசலம் பக்கத்தில், சாதி மறுத்து மணந்த அந்த இருவரையும் கொன்றவர்களுக்குத் தண்டனை வர 18 ஆண்டு ஆனது. வழக்கைத் திசைதிருப்பிய காவல் துறையினருக்கும் தண்டனை கிடைத்தது, 2025இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது என்று அமைப்பின் வழக்கறிஞர் அம்மாவிடம் சொல்லியே கூட்டிப்போனார். நீதிபதி அம்மாவைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அம்மா எழுந்து, “கூலி கேட்டேன் ஐயா, சோற்றை உதைத்தார்” என்றார். குரல் நடுங்கவே இல்லை. சில நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது, எங்கள் தெருப் பக்கம் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இப்போது நிற்பது குற்றப்பத்திரிகை. 60 நாளுக்குள் போட வேண்டும், தாமதித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 4ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்தக் கெடு தாண்டிவிட்டது. எதிரியின் சாதிச் சான்று தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரவில்லை என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். எழுத்தில் தாருங்கள் என்று டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறோம், ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை. வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566இலும் பதிவு செய்திருக்கிறோம். இதே கட்டத்தில் மாட்டி, தாசில்தார் அலுவலகத்திலிருந்து அந்தச் சான்றை வரவழைத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த அதிகாரிக்கு எப்படி மனுப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். வருகிற திங்கட்கிழமை மீண்டும் ஆட்சியர் அலுவலகம் போகிறோம்.