எந்த நாட்டுச் சட்டை? – டுயிஸ்பேர்க் நாட்குறிப்பு

4 ஜூலை 2025

ஐரோப்பிய உதைபந்தாட்டக் கிண்ணத்தில் ஜேர்மன் பெண்கள் இன்று சுவிஸில் சென் காலனில் போலந்தை 2–0 என்று வென்றார்கள். ஆனால் ஜேர்மனியில், டுயிஸ்பேர்க்கில் எங்கள் வீட்டு ஹோலில் வெற்றியைப் பற்றிப் பேச்சே இல்லை. அணித்தலைவி ஜூலியா க்வின் முதல் பாதியிலேயே முழங்கால் அடிபட்டு அழுதுகொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவேயில்லை.

இரண்டு பேர் என்றால் என் பெறாமகளும், அவளோடு ஒரே அணியில் விளையாடுகிற துருக்கிச் சிநேகிதியும். சிநேகிதியின் தாத்தா உருக்கு ஆலை வேலைக்கு வந்தவர். தாய் தகப்பன் பிறந்ததே இங்கேதான். பிள்ளைக்கு இடது கால்தான் பலம். மூலையிலிருந்து பந்தை வளைத்துப் போட்டாளென்றால் எதிரணிக் கோல்காப்பாளருக்குக் கஷ்டகாலம்.

சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இலையுதிர் விடுமுறையில் துருக்கி இளையோர் அணிக்கான தேர்வு முகாம் ஒன்றுக்கு அவளை அழைத்திருக்கிறார்கள். தகப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம், தாய் வாயே திறக்கவில்லையாம். அத்தான் சும்மா ஒரு பேச்சுக்கு, "அப்ப நீ ஆருக்குப் பிள்ளை, ஜேர்மனிக்கா துருக்கிக்கா?" என்று கேட்டார். பிள்ளை சிரிக்கவில்லை. "எல்லாரும் அதைத்தான் கேக்கினம்" என்றது அவளுடைய முகம்.

என் பெறாமகளை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஓர் அணியும் அவளைக் கூப்பிடவில்லை, அதனால்தான்.

9 ஜூலை

இரண்டு நாளாகத் துருக்கிப் பெண்கள் உதைபந்தாட்டத்தைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கிறேன். அங்கே பெண்கள் ஒன்றும் நேற்றுத் தொடங்கவில்லை. 1970களிலேயே இஸ்தான்புல்லில் தொஸ்த்லுக்ஸ்போர் என்ற பெண்கள் அணி இருந்திருக்கிறது. அதில் கோல் காத்த லாலே ஓர்தா பிறகு ஃபிஃபா நடுவராகி, ஆண்களின் ஆட்டங்களுக்கும் விசில் ஊதியவர். இப்படி ஒருவர் இருந்தும் தேசிய அணி என்று ஒன்று களமிறங்க 1995 ஆகிவிட்டது. முதல் ஆட்டத்தில் ருமேனியாவிடம் 8–0. அப்புறம் 2000களின் தொடக்கத்தில் லீக்கும் நின்றது, தேசிய அணியும் நின்றது. 2006இல்தான் திரும்ப எழும்பியது.

அந்த இடைவெளியை நினைக்க எனக்குக் கோபமே வருகிறது. பதினாறு வயதில் ஒருத்தி நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறாள், இருபது வயதில் நாட்டில் லீக்கே இல்லை என்றால் அவள் என்ன செய்வாள்?

ஜேர்மனியும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1955இலிருந்து 1970 வரை இங்கே சங்கங்கள் பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது என்று உதைபந்தாட்டச் சம்மேளனமே தடை போட்டிருந்தது. அந்தத் தடைக்குள்ளேதான் 1956இல் நமக்குப் பக்கத்து எஸ்ஸனில் பெண்கள் நெதர்லாந்தோடு ஓர் ஆட்டம் ஆடினார்கள், வென்றார்கள். 1961இல் துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அந்தத் தடை இருந்தது. சிநேகிதியின் பாட்டி இளம் பெண்ணாக வந்து இறங்கிய ஊரில் அவர் பந்து விளையாட விரும்பியிருந்தாலும் இடமில்லை.

13 ஜூலை

நேற்று சுவீடனிடம் 4–1 தோல்வி. ஒரு சிவப்பு அட்டைக்குப் பிறகு பத்துப் பேரோடு ஒரு மணித்தியாலம் ஓடினார்கள், அவ்வளவுதான்.

20 ஜூலை

நேற்றிரவு பிரான்சோடு நடந்தது ஆட்டமா என்ன! பதின்மூன்றாவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை. மிச்ச நேரம் முழுக்க, கூடுதல் நேரமும் சேர்த்து, பத்துப் பேராக நின்று 1–1. பிறகு பெனால்டியில் 6–5. ஆன்-கத்ரின் பேர்கர் கோல் காத்ததைப் பார்த்துப் பெறாமகள் கதிரையில் ஏறி நின்று கத்தினாள். சிநேகிதியும் கத்தினாள். அவள் எந்த நாட்டுக்காகக் கத்தினாள் என்று அந்த நேரம் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

22 ஜூலை

2018இல் இதே நாளில்தான் துருக்கிக் குடும்பத்துப் பிள்ளையான மெசுட் ஒசில் ஜேர்மன் அணியை விட்டு விலகினார். வென்றால் ஜேர்மனியன், தோற்றால் குடியேறி என்று தன்னைப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தார். துருக்கி ஜனாதிபதியோடு அவர் படம் எடுத்தது சரியென்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த வசனம் உண்மை.

ஆண்கள் கதை ஊருக்கே தெரியும். 2024 ஐரோப்பியக் கிண்ணத்துக்கு வந்த துருக்கி அணியில் சல்ஹனோலு மன்ஹைமில் பிறந்தவர், கெனான் யில்டிஸ் ரேகன்ஸ்பேர்க்கில், சலிஹ் ஒஸ்ஜான் கொலோனில், கான் அய்ஹான் கெல்சன்கீர்ஷனில். அதே கெல்சன்கீர்ஷனில் பிறந்த இல்காய் குன்டோகான் அந்தக் கிண்ணத்தில் ஜேர்மன் அணியின் தலைவராக இருந்தார். இவர்கள் ஒவ்வொருவரின் தெரிவையும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அலசின. பெண்களைப் பற்றி அப்படி அலசியவர்கள் குறைவு. முனிக்கில் பிறந்து, பயர்ன் முனிக் கழகத்தின் இரண்டாம் அணியில் விளையாடி, பிரான்சில் மெட்ஸுக்குப் போய், துருக்கிக்காக முன்கள வீராங்கனையாக ஓடிய மெலிகே பெகெலை எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? துருக்கிக்காரருக்கே தெரியாது. நான் கேட்டுப் பார்த்தேன்.

24 ஜூலை

ஸ்பெயினிடம் 1–0 தோல்வி. கூடுதல் நேரத்தில் அவர்களுடைய பொன்மத்தி ஒரு கணம் கிடைத்ததும் அடித்தார். முடிந்தது.

17 ஓகஸ்ட்

சிநேகிதியின் தாய் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார். கண்ணாடிக் குவளையில் தேநீர், பக்கத்தில் ஒரு தட்டு நிறைய பொரெக் என்ற துருக்கிப் பலகாரம். தாயின் பயம் நாட்டைப் பற்றியதில்லை. "2021 நவம்பரில் ஜேர்மனியும் துருக்கியும் மோதின ஆட்டத்தைப் பார்த்தனீங்களா?" என்று கேட்டார். பிரவுன்ஷ்வைக்கில் 8–0. அடுத்த ஆண்டு புர்சாவில் 3–0. "என்ர பிள்ளை அந்தப் பக்கத்தில நிண்டு எட்டு வாங்கவேணுமா?" என்றார். துருக்கி இதுவரை பெண்கள் உலகக் கிண்ணத்துக்கோ ஐரோப்பியக் கிண்ணத்துக்கோ தகுதி பெற்றதில்லை. தாய்க்கு அது நன்றாகத் தெரியும்.

நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் 8–0இலிருந்து 3–0க்கு வந்ததும் ஒரு கணக்குத்தானே என்று சொன்னேன். 2021இல்தான் ஃபெனர்பாச்சேயும் கலட்டாசராயும் பெண்கள் அணி தொடங்கின. அவர்கள் முதலில் மோதியபோது ஃபெனர்பாச்சே 7–0 என்று வென்றது. புதிய உயர் லீக்கின் முதல் கிண்ணம் அந்த இரண்டுக்கும் போகவில்லை, காசியன்தெப்பின் ஏ.எல்.ஜி. ஸ்போருக்குப் போனது. 2024இல் கலட்டாசராய் சாம்பியன். பெரிய கழகங்களின் பெயர் வந்ததும் பார்க்கிற ஆட்களும் வந்தார்கள். ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே போய் விளையாடுவது இப்போது ஒரு தொழிலாகவே தெரிகிறது. முன்பு அப்படி இருக்கவில்லை.

31 ஓகஸ்ட்

சிநேகிதியின் தாயிடம் ஹஸ்ரெத் கயிக்ஜி என்ற வீராங்கனையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன், இன்று பயிற்சி மைதானத்தில் சொன்னேன். ஹைடல்பேர்க்கில் துருக்கிக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் எங்கள் ஊருக்கே விளையாட வந்தவர்: 2009இலிருந்து எஃப்.சி.ஆர். 2001 டுயிஸ்பேர்க். ஐரோப்பாவையே வென்று நின்ற கழகம் அது. பிறகு பணமில்லாமல் நொடிந்துபோனது. 2011இல் ஃபிரைபேர்க்குக் கிளம்பியவர் அங்கேயே கடைசிவரை இருந்தார். ஜேர்மன் தேசிய அணிச் சட்டை போட்டார், 2017இல் நெதர்லாந்தில் நடந்த ஐரோப்பியக் கிண்ண அணியிலும் இருந்தார். இடையில் முழங்கால் காயங்கள் அவருடைய பல மாதங்களைத் தின்றன. பெண்களிடையே முழங்கால் சிலுவை நார் கிழிவது ஆண்களைவிடக் கூடுதல் என்பது மருத்துவர்கள் பல காலமாகச் சொல்வது.

எனக்கு அவருடைய வாழ்க்கையில் பிடித்தது ஃபிரைபேர்க் காலம்தான். ஜேர்மனிக்கு ஆடினார் என்பதும் துருக்கிக்கு ஆடவில்லை என்பதும் எனக்கு இரண்டாம் பட்சம். ஒரு கழகம் அவர் காயப்பட்ட காலத்திலும் அவரோடு நின்றது, அவரும் அதோடு நின்றார். பிள்ளை கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான் என்று எனக்குப் படுகிறது: முழங்கால் போனால் யார் என்னோடு நிற்பார்கள்? மருத்துவச் செலவு யாருடையது? பாடசாலைப் படிப்பை யார் பார்ப்பார்கள்? எந்தக் கொடியைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்பவர்கள் இவற்றில் ஒன்றுக்கும் பதில் வைத்திருப்பதில்லை.

28 செப்டெம்பர்

சிநேகிதியின் தகப்பனுக்கு வேறொரு பயம். இந்த முகாமுக்குப் போனால் ஜேர்மன் கதவு மூடிவிடுமோ என்று. அவர் இளைஞனாக இருந்தபோது கடவுச்சீட்டே ஒரு கதவுதான்: ஜேர்மன் குடியுரிமை எடுத்தால் துருக்கிக் குடியுரிமையை விட வேண்டும். 2000க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் வளர்ந்ததும் ஒன்றைத் தெரிவு செய் என்றிருந்தது. 2014 கடைசியில் இங்கே வளர்ந்தவர்களுக்கு அது போனது. 2024 ஜூன் 27இலிருந்து எல்லோருக்கும் இரட்டைக் குடியுரிமை உண்டு. சட்டம் மாறினாலும் மனிதருக்குள் இருக்கும் அந்தப் பழைய பயம் இலகுவில் மாறாது. அவர் பேசும்போது அது எனக்கு விளங்கியது.

விதியை இரண்டு பேருமாக இருந்து பார்த்தோம். பயிற்சி முகாமும் நட்பு ஆட்டமும் யாரையும் கட்டிப்போடாது. இளையோர் மட்டத்தில் அதிகாரபூர்வப் போட்டி ஒன்று ஆடினாலும், அந்த நேரத்திலேயே மற்ற நாட்டுக் குடியுரிமையும் கையில் இருந்திருந்தால், ஒருமுறை மாறக் கேட்கலாம். 2020இல் ஃபிஃபா இதை இன்னும் கொஞ்சம் தளர்த்தியது: இருபத்தொரு வயதுக்கு முன் முதன்மை அணிக்கு மூன்று ஆட்டங்கள் வரை ஆடியவரும், அதன் பின் மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தால் மாறலாம், ஆனால் உலகக் கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம் போன்றவற்றில் தகுதிச் சுற்றுக்குப் பிறகு வரும் முதன்மைத் தொடரில் ஆடியிருக்கக் கூடாது.

தகப்பன் இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "அப்ப அவள் போய்ப் பாக்கட்டும்" என்றார்.

12 ஒக்டோபர்

நாளைக்கு விடுமுறை தொடக்கம். படிவத்தில் தாய் தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். காப்புறுதிக் கடிதத்தைக் கழகத்திடம் கேட்டு வாங்கச் சொன்னேன், வாங்கியிருக்கிறார்கள். பழைய சப்பாத்தின் அடிப்பக்கம் தேய்ந்துபோனதால் பெறாமகள் தன்னுடையதைக் கொடுத்தாள், அளவு பொருந்தவில்லை. இன்று ஞாயிறு, கடை பூட்டு. புதன்கிழமைதான் அவள் பயணம் என்பதால் நாளைக் காலை புதியது வாங்க நேரம் இருக்கிறது. நானும் கூடப் போகிறேன்.